சிந்தின சீனி

ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, காற்று வரட்டும் என்று முழங்கால் உயரத்துக்கு மட்டும் விட்டுவிட்டு, பால்வண்ணன் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்று ஐந்து. இரண்டு மணிக்கு ரேஷன் கடையைத் திரும்பத் திறக்க வேண்டும். இரண்டு மணிக்குள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். இடையில் இருக்கிற ஐம்பத்தைந்து நிமிஷத்துக்கு அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது, அதுதான் வினை. சாப்பாடு முடிந்துவிட்டது. அது ஒரு சாப்பாடா? எண்ணெய் காட்டாத சப்பாத்தி இரண்டு, வெள்ளரிக்காய் ஒரு கிண்ணம், அவித்த முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டு வெறும் வெள்ளை. டப்பாவைத் திறந்த சத்தம் அடங்குவதற்குள் தின்று முடித்தாயிற்று. கடைக்குள் இப்போது அவனும், காலையில் லாரியில் வந்து இறங்கிய பதினொரு சீனி மூட்டைகளும்தான். எடை போடுகிற சொர்ணம் இருந்திருந்தால் பாதகமில்லை. அவள் வாயைத் திறந்தால் மூட மாட்டாள், அந்தப் பேச்சிலேயே மத்தியானம் ஓடிவிடும். ஒன்பது வாரமாக அதற்காகவே அவளை வீட்டுக்குப் போகவிடாமல் இங்கேயே தூக்குச்சட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தான், காரணம் மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குப் பார்த்து அவள் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று ஓடிவிட்டாள். "பின்வாசப் பூட்டு விழமாட்டேங்கு, கடைய விட்டு நகராதிய சார்," என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். நகர முடியாது. மூட்டைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். உட்கார்ந்தாலும் வாசனை வந்து முதுகைத் தொட்டது. சீனிக்கு வாசனை கிடையாது என்று சொல்கிறவன் பதினான்கு வருஷம் சீனி மூட்டைகளோடு இருந்து பார்க்க வேண்டும். புதுச் சாக்கின் நெடிக்கு அடியில், கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் புளித்தாற்போல, கரும்பாலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வருமே அதில் நூறில் ஒரு பங்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். வாயில் தண்ணீர் ஊறியது. வாய்க்கு மூக்கு தேவையில்லை போலிருக்கிறது.

எட்டா, பன்னிரண்டா? பத்துக்குள் வந்தால் போதும். அவனுடைய கல்லீரலில் கொழுப்பு எத்தனை சதம் என்பதுதான் அந்த எண். அக்கா உலகம்மாளுக்கு ஈரல் கெட்டுப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. குடிக்காதவளுக்கு, வெற்றிலைகூடப் போடாதவளுக்கு ஏன் வந்தது என்று கேட்டதற்கு, உடம்பே தன் ஈரலைத் தானே அரித்துக்கொள்கிற நோய் என்றார் டாக்டர். இனி மருந்தில் நிற்காது, வேறு ஈரல் வைக்க வேண்டும், சீக்கிரம் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அத்தானுக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. மகளுக்குப் பதினாறு வயசு. மிச்சம் இருந்தது கூடப்பிறந்த இவன் ஒருத்தன், ரத்தமும் சேர்ந்தது. பாதிக்குமேல் வெட்டிக் கொடுத்தாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்று அவர்கள் சொன்னபோது, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனான். போன இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க லிவர் முழுக்கக் கொழுப்பு சார், இருபத்தெட்டு பர்சன்ட். இதை வெச்சா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து," என்றார்கள். பத்துக்குள் கொண்டுவர இரண்டு மாதம் கொடுத்தார்கள். அதற்கு மேல் அக்காவால் காத்திருக்க முடியாது என்பதைச் சொல்லாமல் சொன்னார்கள். டயட் சொல்கிற பெண் ஒருத்தி எதிரில் உட்காரவைத்து, "ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி எடுத்துப்பீங்க?" என்று கேட்டாள். "டீக்கு அரை ஸ்பூன்," என்றான். அது பொய்யில்லை, சத்தியமாகப் பொய்யில்லை. டீக்கு அரை ஸ்பூன்தான். தராசுத் தட்டில் ஒட்டினது, மூட்டையைப் பிரிக்கும்போது விழுந்தது, வாளி விளிம்பில் நின்றது, இதெல்லாம் சிந்தினது. சிந்தினதை எவன் சாப்பாடு என்று சொல்லுவான்? கையால் கூட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வான், கடை சுத்தமாகும், எறும்பு வராது. பதினான்கு வருஷமாக அவன் தன்னிடமே இப்படித்தான் சொல்லிவந்தான். சிந்தாத நாளில் கொஞ்சம் சிந்தவும் விட்டான். மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, கோவில்பட்டி தாண்டின பிறகு, திடீரென்று அவனுக்கு மனசுக்குள் ஒரு கணக்கு வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை பிடி என்று. அந்த எண்ணை அவன் இதுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டி புஷ்பகலாவிடம்கூட.

ஆனால் ஸ்கேன் எடுத்தாச்சே. இந்த எண்ணம் நேற்று மதுரையில் அந்த எந்திரத்துக்குள்ளிருந்து வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போடும்போதே வந்துவிட்டது. எடுத்தாச்சு, எழுதியாச்சு, இனி இன்றைக்கு ஒரு பிடி தின்றால் நேற்றைய ஸ்கேனில் போய் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. எட்டு என்றால் எட்டு, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. தின்றாலும் அதேதான், தின்னாவிட்டாலும் அதேதான். ஒரு பிடி. ஒரு பிடிகூட வேண்டாம், தராசுத் தட்டில் காலையில் எடை பார்த்தபோது ஒட்டினது கொஞ்சம் கிடக்கிறது, விரலை நனைத்து ஒற்றினால் முடிந்தது. ஒரு விரல். பால்வண்ணா, உனக்கு ஒரு விரல் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? ஒரு விரலோடு நிறுத்தின ஒரு நாளைச் சொல்லு பார்க்கலாம். எழுந்து நின்றான். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிக்காரர் ஸ்குவாட் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தார், ஆசை வரும்போதெல்லாம் இருபது போடுங்க என்று. முதல் நாள் போட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, இது நம் பிள்ளையார் கோவில் தோப்புக்கரணம், காதைப் பிடிக்காததுதான் வித்தியாசம். காதைப் பிடித்துக்கொண்டு போட்டால் இன்னும் நன்றாக வருகிறது என்று பிறகு கண்டுபிடித்தான். இப்போதும் காதைப் பிடித்துக்கொண்டு போட்டான். எதிரில் பதினொரு மூட்டைகள். ஏழாவதில், நான் இப்போது யாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சிரிப்பு வந்தது. பதினான்காவதில் தொடை நடுங்கியது. காலடியில் செருப்புக்குக் கீழே நறநறவென்று சத்தம் கேட்டது. சிந்தினது. கீழே பார்க்காமல் இருபதையும் முடித்தான். மணி ஒன்று இருபது ஆவதற்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. இந்தச் சுவர்க்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றி எத்தனை நாளாயிற்று?

தொண்ணூற்று நாலு கிலோ எண்பத்து மூன்று கிலோவாகியிருக்கிறது, அது சும்மாவா வந்தது? தினம் விடியற்காலை குளத்துக்கரையில் நடந்தான், மூன்றாம் வாரத்திலிருந்து ஓடினான். ஓட்டம் என்று அவன்தான் சொல்லிக்கொண்டான். பின்னால் தயிர்க்கூடையோடு வந்த பொம்பளை அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். முதல் பத்து நாள் தலைவலி, கை நடுக்கம், காரணமில்லாமல் எரிச்சல். புஷ்பகலா தோசைக்கல்லைச் சத்தமாக வைத்ததற்கு அவளிடம் சண்டை போட்டான். டீயில் சீனி இல்லாமல் குடித்தபோது கழுதை மூத்திரம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான், ஐந்தாம் வாரம் அதே டீயில் பால் இனிக்க ஆரம்பித்தது. பால் இனிக்கும் என்று முப்பத்தொன்பது வயசு வரைக்கும் அவனுக்குத் தெரியாது. அதை அக்காவிடம் போய் ஆச்சரியமாகச் சொன்னான், அவள் சிரித்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் பயம், ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமையும் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையை நினைக்கக் கூடாது. நேற்று எந்திரத்துக்குள் மூச்சைப் பிடிக்கச் சொன்னபோதும் அதைத்தான் நினைத்தான். ஸ்கேனுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், கூட வேலை பார்த்தவர் வீட்டுப் பால்காய்ச்சு. இலையில் ஒரு ஓரத்தில் லட்டு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொன்னான், "என்ன சார், விசேஷ வீட்டுல வேண்டாங்கக்கூடாது," என்றார்கள், சரி ஒன்று. அந்த ஒன்று வயிற்றில் இறங்கவில்லை, தலைக்கு ஏறியது. வீட்டுக்குப் போகிற வழியில் வண்டி தானாகத் திரும்பியது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, ஆனால் அப்படித்தான். தன்னைத் தெரியாத பேட்டையில் ஒரு கடை. "வீட்டுக்கு வேணும், ஒரு கிலோ கலந்து போடுங்க," என்றான். வீட்டுக்கு வேணும் என்று யாரும் கேட்கவில்லை, இவனாகச் சொன்னான். சாயங்கால வெயிலில் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால், வண்டியில் உட்கார்ந்தபடியே, டப்பாவின் மேல்தாளைக்கூட முழுசாகக் கிழிக்காமல், ஓட்டைக்குள் கையை விட்டு விட்டுத் தின்றான். மூன்றாவதுக்கு மேல் ருசி தெரியவில்லை. மைசூர்பாகா, பாதுஷாவா என்றுகூடத் தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. ஒரு நாய் வந்து எதிரில் உட்கார்ந்து வாலை ஆட்டியது, அதற்கு ஒன்று போட மனசு வரவில்லை. எதைச் சொன்னாலும் சொல்லிவிடலாம், அந்த நாய்க்குப் போடவில்லை என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. காலி டப்பாவைத் தண்டவாளத்துப் பக்கம் எறிந்துவிட்டு, வாயைக் கழுவிவிட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போனான். ஏன் போனான்? தெரியவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வீங்கின வயிற்றின் மேல் தட்டை வைத்து உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டு மெலிஞ்சுட்டலே எனக்காண்டி," என்றாள். மஞ்சளோடிய கண்ணால் அவனை மேலும் கீழும் பார்த்து, ஒரு பக்கம் சந்தோஷமாகவும் ஒரு பக்கம் பாவமாகவும். ஒரு கிலோ இனிப்பு அவன் நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலை குளத்துக்கரையில் வாந்தி வரும்வரைக்கும் ஓடினான். வாந்தியில் அது வெளியே வராது என்பது அவனுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, உள்ள இருக்கீயளா?" ஷட்டருக்கு அடியில் ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது, தெருமுனை டெய்லர் மனைவி. "சீனி வந்துட்டாம்லா?"

"வந்துட்டு. ரெண்டு மணிக்கு வாங்க."

"இப்பமே ஒரு ரெண்டு கிலோ போட்டுட்டியன்னா..."

"மெஷின ஆஃப் பண்ணியாச்சுக்கா. கைரேகை வைக்கணும்லா. ரெண்டு மணிக்கு."

முகம் போகவில்லை. தலைகீழாகவே அவனை ஆராய்ந்தது. "என்ன அண்ணாச்சி, ஆளே பாதியாப் போயிட்டிய. சீனி வியாதியா?"

"இல்லக்கா."

"இருந்தா மறைக்காதிய. எங்க மாமனாருக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, மாமனாரின் கால் விரல்வரைக்கும் சொல்லிவிட்டு, முகம் மேலே போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாமே என்று இருந்தது. அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு கடை முன்னைவிடக் காலியாகிவிட்டது. அல்லது முன்னைவிட நிறைந்துவிட்டது. மணி ஒன்று முப்பத்தைந்து. போன் வரவில்லை. வராமல் இருப்பதற்கு என்ன அர்த்தம்? நல்ல சேதி என்றால் உடனே சொல்லியிருப்பார்கள். கெட்ட சேதியைத்தான் எப்படிச் சொல்வது என்று யோசிப்பார்கள். இல்லை, அவர்களுக்கு ஆயிரம் வேலை. அக்காவும் அவள் வீட்டில் கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். கேட்க மாட்டாள். அவள் எதையும் கேட்டதில்லை. என் ஈரல் என்ன ஆயிற்று என்று ஒருவேளை மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாள், என் ஈரல் என்றா, தம்பி ஈரல் என்றா?

அவளுக்கு எட்டு வயசு, இவனுக்கு மூன்று. அப்பா இல்லை. அம்மா சுற்றின பீடியை ஒப்படைக்கப் போனால் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும், தூரத்தைவிட அங்கே வரிசை பெரிது. அம்மா தலை மறைந்ததும் இவன் ஆரம்பிப்பான், தெருவே கூடும் அளவுக்கு அழுகை. அக்கா அடுப்படிக்கு ஓடி, சீனி டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தட்டிக் கொண்டுவருவாள். "கண்ண மூடு. வாயத் தொற." கண்ணை மூடினால் வாயில் ஒரு வெளிச்சம். அழுகை எங்கே போயிற்று என்று தெரியாது. தீர்ந்ததும் அவள் உள்ளங்கையை இழுத்து வைத்து நக்குவான், ரேகைக்குள் கிடக்கிற கடைசிக் குருணைவரைக்கும், அவளுக்குக் கூசும், "விடுலே, நாய்க்குட்டி," என்று சிரிப்பாள். அம்மா வந்து டப்பாவைப் பார்த்துவிட்டு அவளைத்தான் அடிப்பாள். அடி வாங்கினவள் ஒரு நாளும் தம்பி தின்றான் என்று சொன்னதில்லை. பிறகு அவள் பத்தாவது தேறினாள். பேப்பரைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள், பாஸ் என்று. நல்ல சேதி சொன்ன வாயில் சீனி போட வேண்டும், அது அவர்கள் தெருவில் விடாத வழக்கம், யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யாருக்கு வேலை கிடைத்தாலும், வந்து சொன்னவர் வாயில் முதலில் சீனி விழும். அம்மா ஒரு பிடி எடுத்து அவள் வாயில் போட்டாள். அவள் அதில் பாதியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு திரும்பி, இவனைப் பார்த்து, "வாயத் தொற," என்றாள். தேறினது அவள், சீனி இவனுக்கு. அப்படித்தான் எல்லாமும். இப்போது யோசித்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா? அவள் போட்டுப் பழக்கின சீனி அவன் ஈரலில் போய் உட்கார்ந்துகொண்டு அவளுக்கே வழிவிட மாட்டேன் என்கிறது. அவளைக் குற்றம் சொல்கிறாயா, எட்டு வயசுப் பிள்ளையை? இல்லை. இல்லை. அவள் மூன்று வயசுப் பிள்ளைக்குத்தான் போட்டாள். முப்பத்தொன்பது வயசுக்காரன் தானாகப் போட்டுக்கொண்டான்.

எப்போது எழுந்தான், எப்போது மூட்டைப் பக்கம் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. முதல் மூட்டையின் தையலைக் காலையிலேயே பிரித்திருந்தது, எடை பார்ப்பதற்காக. வாயை மடித்து விட்டிருந்தாள் சொர்ணம். மடிப்பை விரித்தான். சும்மா பார்க்கத்தான். இந்த மாதச் சீனி எப்படியிருக்கிறது, ஈரமா, தூளா, விற்பனையாளன் பார்க்க வேண்டியதுதானே, அது வேலை. ஷட்டருக்கு அடியில் வந்த வெயில் தரையில் பட்டுத் திரும்பி மூட்டைக்குள் விழுந்து மினுங்கியது. கையை உள்ளே விட்டான். குளிர்ச்சி. வெளியே தலை பிளக்கிற வெயிலில் சீனிக்கு உள்ளே மட்டும் எப்படி இந்தக் குளிர்ச்சி? மணிக்கட்டுவரைக்கும் போயிற்று. மூடினான். பிடி. விரல்களுக்கு நடுவே கொஞ்சம் வழிந்தது, வழியட்டும், சிந்தினது. கையை வெளியே எடுத்தான். இன்னும் தின்னவில்லை. தின்னாதவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு என்று சொல்லிவிட்டால் இதைத் தின்றுவிடுவேன் என்று நினைத்தான். அப்போது தின்னாமல் எப்படி இருப்பது? அவள் போய்விடுவாள், நான் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நாய்க்கு ஒன்றுகூடப் போடாமல் தின்று அவளை அனுப்பிவிட்டேன் என்று ஆகிவிடும், அதற்குப் பிறகு எண்பத்து மூன்று கிலோ யாருக்கு, குளத்துக்கரை யாருக்கு, மூட்டையோடு தின்ன வேண்டியதுதான். பிடிக்குள் கை வியர்த்தது. சீனி இளக ஆரம்பித்தது. கை வாய்க்கு வர அரை அடி தூரம். அரை அடி என்பது எத்தனை நிமிஷம்? மேஜையில் போன் அடித்தது.

இடது கையால் எடுத்தான். "பால்வண்ணன் சாரா? கோ-ஆர்டினேட்டர் ஜெசிந்தா பேசுறேன். சாரி சார், டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சு இப்பத்தான் பார்த்தாங்க."

"சொல்லுங்க மேடம்." அவன் குரல் வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"எட்டு சார். எட்டு பர்சன்ட். டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க. வர்ற பதினெட்டாந்தேதி ஆபரேஷன் வெச்சிருக்கோம். ஆனா சார், முந்தின நாள் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுத்தான் தியேட்டருக்கு அனுப்புவாங்க. இன்னும் பத்தொன்பது நாள். பாஸாயிட்டோம்னு விட்றாதீங்க, இதுல விட்டவங்க இருக்காங்க. சரியா சார்? சார்?"

"சரி மேடம்," என்றான். அவள் வைத்துவிட்டாள்.

எட்டு. நின்ற இடத்திலேயே நின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் போன், ஒரு கையில் சீனி. எட்டு, எட்டு. அந்த வெள்ளிக்கிழமையையும் மீறி எட்டு. உடம்பு முழுக்க ஒரு துள்ளல் எழுந்தது, அந்தத் துள்ளல் நேரே வலது கைக்குப் போயிற்று. கை உயர்ந்தது. கெட்ட சேதி வந்தால் தின்றுவிடுவோம் என்றுதான் இத்தனை நேரம் பயந்துகொண்டிருந்தான். நல்ல சேதிக்கும் கை இப்படி உயரும் என்று அவன் யோசிக்கவே இல்லை. துக்கத்துக்கும் இதுதான், சந்தோஷத்துக்கும் இதுதான், சும்மா இருக்கும் மத்தியானத்துக்கும் இதுதான். இன்றைக்கு மட்டும், இந்த ஒரு சேதிக்கு மட்டும், நாளையிலிருந்து பத்தொன்பது நாள், இல்லை பதினெட்டு நாள், குளத்துக்கரையில் இன்னும் இரண்டு சுற்று கூட ஓடிவிடலாம். கூட்ஸ் ஷெட்டிலும் இதையேதான் சொல்லிக்கொண்டான். வார்த்தை மாறாமல் இதையே. அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, மதுரைப் போனுக்காகக் காத்திருந்தபோது இல்லாத பயம். இடது கைக் கட்டைவிரலால் அக்கா நம்பரைத் தட்டினான். முழுசாக ஒரு ரிங் போவதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்னலே."

"எட்டுக்கா. பதினெட்டாந்தேதி ஆபரேஷன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "எய்யா," என்றாள். "எய்யா. நல்ல சேதி சொன்ன வாய்க்கு நான் சீனியில்லா போடணும்..." சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

இத்தனை வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாதது, அந்த நிறுத்தத்துக்குள் தானாக வந்து விழுந்தது. "அக்கா, எங்கையில இப்பம் ஒரு பிடி சீனி இருக்கு."

"என்னது?"

"மூடைக்குள்ள கைய விட்டு எடுத்துட்டேன். கீழ வைக்க முடியலக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அழுவாளோ என்றும் பயந்தான்.

"கையிலதான இருக்கு?" என்றாள். "வாயில இல்லல்லா?"

"இல்ல."

"பின்ன என்ன." கொஞ்சம் மூச்சு வாங்கினாள், இப்போதெல்லாம் நாலு வார்த்தை பேசினால் அவளுக்கு இரைக்கும். "ஒண்ணு சொல்லுதேன், ஒங்க அத்தாங்கிட்ட சொல்லிராத. உப்ப நிறுத்தி பதினோரு மாசம் ஆகு. நேத்து இவுகல்லாம் தூங்கினப்பொறவு மத்தியானம் அடுப்படிக்குப் போயி மாங்கா ஊறுகா பாட்டில எடுத்தேன். தொறந்தேன். வெரல உள்ள விட்டுட்டேன்லே. அப்படியே நின்னேன், எம்புட்டு நேரம்னு தெரியல. நீ குளத்தச் சுத்தி மூச்சு முட்ட ஓடுதது ஞாவகம் வந்துட்டு. கழுவிட்டு வந்து படுத்துட்டேன்."

உப்புத்தானே என்று அவன் நினைத்திருந்தான். இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட அதற்கு மேல் நினைத்ததில்லை. அவள் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தன் கூட்ஸ் ஷெட்டைத்தான் நினைத்தான்.

"அக்கா, நான் ஒரு நாளு..."

"அதெல்லாம் பொறவு சொல்லு. இப்பம் கையில உள்ளதப் பாரு. மூடையில திருப்பிப் போட்டுறாத, ஊர்க்காரவுக திங்கது. வெளிய எறும்புக்குப் போடு. போன வைக்காத."

குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே வந்தான். வெயில் முகத்தில் அறைந்தது. தெருவில் யாரும் இல்லை. சுவரோரத்தில், வேப்பமர வேருக்குப் பக்கத்தில் கையை விரித்தான். பாதிதான் விழுந்தது, மீதி வியர்வையில் பாகாகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினான். தொடையில் தட்டினான்.

"போட்டியா?"

"போட்டுட்டேன்."

உள்ளங்கை பளபளவென்று இருந்தது. ரேகைக்குள் எல்லாம் குருணை. இது பிடி இல்லை, விரலும் இல்லை, சும்மா கையில் ஒட்டினது, இதைப் போய் யார் சாப்பாடு என்று சொல்லுவார்கள். கை அதன் பாட்டுக்கு வாய்க்கு வந்துகொண்டிருந்தது.

"நக்காத," என்றாள் அக்கா.

கை நின்றது.

"எனக்குத் தெரியாதா ஒன்ன? சின்னதுலயே கடேசிக் குருணவரைக்கும் விடமாட்ட. கொழாய் இருக்குல்லா அங்க? கழுவு. எனக்குத் தண்ணிச் சத்தம் கேக்கணும்."

தெருக்குழாயை முழங்கையால் தள்ளித் திறந்தான். தண்ணீர் முதலில் சூடாக வந்தது, பிறகு ஆறியது. போனைக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் தண்ணீரில் காட்டி, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே நின்றான். ரொம்ப நேரம் நின்றான். அவள் போனை வைக்கவில்லை.